ரோம் குடியரசு பேரரசாக மாறியது எந்த நாளில்?

ரோமின் முதல் பேரரசர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஜூலியஸ் சீசர் என்பார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் அகஸ்டஸ் என்பார்கள், கி.மு. 27-இல் குடியரசு முடிந்து பேரரசு தொடங்கியது என்று ஆண்டையும் சேர்த்துச் சொல்வார்கள். முதல் பதில் தவறு. இரண்டாவது சரிதான், ஆனால் அதைக் கேட்பவர் மனதில் விழும் படம் தவறு. ஏதோ ஒரு நாள் முடிசூட்டு விழா நடந்தது, இனி நான்தான் மன்னன் என்று ஒருவர் அறிவித்தார், மறுநாள் முதல் எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி ஒரு விழா ரோமில் நடக்கவே இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில் ரோம் கொண்டாடியது வேறு ஒன்றை: குடியரசு திரும்பி வந்துவிட்டது என்பதை.

தேதியில் வந்த சின்னக் குழப்பம் என்று இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பதவிகள், தேர்தல்கள், சபைகள் எல்லாம் பெயர் மாறாமல் இருக்க, ஆட்சி மட்டும் உள்ளுக்குள் முற்றிலும் வேறாகிவிட முடியும் என்பதை இவ்வளவு விவரமாகக் காட்டும் பழைய வரலாறு வேறு இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் அடியிலிருந்து பார்ப்போம். லத்தீன் பெயர்கள் நிறைய வரும். பயப்பட வேண்டாம், நாலைந்து சொற்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

முதலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு

ஐம்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சங்கம் இருக்கிறது, வருடம் ஒருமுறை தேர்தல். தலைவர் ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஒருவர் சொல்வதை இன்னொருவர் வேண்டாம் என்றால் அந்த வேலை நின்றுவிடும். சாதாரணக் குடும்பங்களின் சார்பில் தனியாக ஒரு பிரதிநிதி உண்டு. கூட்டத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் அவர் எழுந்து 'கூடாது' என்றால் அது செல்லாது. இவர்களைத் தவிர, முன்பு பொறுப்பில் இருந்த பெரியவர்கள் சேர்ந்த ஒரு குழு இருக்கிறது. ஆலோசனை சொல்வது மட்டும்தான் அதன் வேலை, ஆனாலும் அதன் பேச்சை யாரும் தட்டுவதில்லை.

இப்போது ஒருவர் வருகிறார். அவர் சங்கத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. ஆனால் வாட்ச்மேன்களுக்குச் சம்பளம் அவர்தான் கொடுக்கிறார். பிரதிநிதிக்கு இருக்கும் 'கூடாது' என்று சொல்லும் உரிமை இவருக்கும் உண்டு என்று ஒரு தீர்மானம் போடுகிறார்கள். தலைவர்கள் போடும் உத்தரவைவிட இவர் உத்தரவு மேலானது என்று இன்னொரு தீர்மானம். எல்லாம் ஓட்டெடுப்பு நடத்தி, நோட்டில் எழுதி, முறைப்படி. தேர்தல் வருடம் தவறாமல் நடக்கிறது. அறிவிப்புப் பலகையில் அந்த வருடத் தலைவர்கள் பெயர்தான் இருக்கிறது. அங்கே பால் போட வருபவரைக் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார், அந்தக் குடியிருப்பு யார் கையில் இருக்கிறது என்று.

அகஸ்டஸ் ஆண்டது இப்படித்தான். ஆனால் அவர் அந்த இடத்துக்கு வந்து சேர ரோமுக்கு ஒரு நூற்றாண்டு உள்நாட்டுச் சண்டை தேவைப்பட்டது.

குடியரசு என்றால் மக்களாட்சி அல்ல

ரோமானியர் மரபுப்படி கி.மு. 509-இல் தங்கள் கடைசி மன்னனை விரட்டினார்கள். அதன் பிறகு 'மன்னன்' என்ற சொல்லே அந்த ஊரில் வசைச்சொல் ஆகிவிட்டது. தங்கள் ஆட்சிக்கு அவர்கள் வைத்த பெயர் 'ரெஸ் பப்ளிகா'. பொதுக் காரியம் என்று பொருள். நாடு ஒருவரின் சொத்து அல்ல, எல்லோருக்கும் பொது என்ற எண்ணம்தான் அந்தப் பெயருக்குள் இருக்கிறது.

மன்னனிடம் இருந்த அதிகாரத்தை இரண்டு கான்சல்களுக்குக் கொடுத்தார்கள். கான்சல் என்பவர் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் தலைமை அதிகாரி. படையை நடத்தவும், கட்டளையிடவும், தண்டிக்கவும் அவருக்கு உள்ள அதிகாரத்துக்கு 'இம்பீரியம்' என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கதையைத் திருப்பப் போகிறது. ஒரு கான்சல் செய்வதை மற்றவர் தடுக்கலாம். இருவரும் ஓராண்டில் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

செனட் என்பது பெரும்பாலும் பழைய அதிகாரிகள் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கும் சபை. பல காலம் சுமார் 300 பேர். சட்டம் இயற்றுவது செனட் அல்ல, மக்கள் கூட்டங்கள். செனட் ஆலோசனைதான் சொல்லும். ஆனால் பணமும் அனுபவமும் பழைய குடும்பங்களின் பெயரும் அங்கே இருந்ததால், அந்த ஆலோசனை கட்டளைபோலவே நடந்தது.

டிரிப்யூன் என்பவர் சாதாரணக் குடிமக்களின் காவலர். கி.மு. 494-இல் கடன் சுமை தாங்காத எளிய மக்கள் ஊரைவிட்டே வெளியேறி ஒரு குன்றில் போய் உட்கார்ந்துகொண்டார்கள், அந்தப் போராட்டத்தில் கிடைத்தது இந்தப் பதவி என்பது மரபு. பின்னாளில் ஆண்டுக்குப் பத்து டிரிப்யூன்கள். எந்த அதிகாரியின் செயலையும் அவர் தடுக்கலாம். அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது, அது தெய்வக் குற்றம்.

சர்வாதிகாரி என்ற பதவியும் சட்டப்படியே இருந்தது. ஆபத்துக் காலத்தில் ஒருவரிடம் மொத்தப் பொறுப்பையும் கொடுப்பார்கள், அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம். இன்று இந்தச் சொல்லுக்கு இருக்கும் கெட்ட பொருள் அன்று கிடையாது.

இதையெல்லாம் கேட்டால் மக்களாட்சிபோலத் தோன்றும். ஆனால் கான்சல்களைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை. 193 குழுக்கள், குழுவுக்கு ஒரு ஓட்டு. பணக்காரர்களுக்குப் பல குழுக்கள், அவர்கள்தான் முதலில் ஓட்டுப் போடுவார்கள். சொத்தே இல்லாத ஏழைகள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழு. அவர்கள் முறை வருவதற்குள் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் ஓட்டு இல்லவே இல்லை. ரோமில் குடியரசு விழுந்தபோது மக்களாட்சி விழுந்தது என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: அதிகாரத்தைத் துண்டாக்கி, பலர் கையில் கொடுத்து, ஓராண்டில் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் குடியரசின் வழி. ஒருவரை ஒருவர் தடுக்கலாம். அந்தப் பலரும் பெரும்பாலும் பணக்காரக் குடும்பத்தார்தான், ஆனால் ஒருவர் அல்ல.

பேரரசரே இல்லாத பேரரசு

இங்கே தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. பேரரசு என்றால் பல நாடுகளை அடக்கிய பெரிய ஆட்சிப்பரப்பு என்றும் பொருள், பேரரசர் ஆளும் ஆட்சிமுறை என்றும் பொருள். இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. முதல் பொருளில் பார்த்தால், குடியரசாக இருந்தபோதே ரோம் பேரரசுதான். வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜையும் கிரேக்க நகரமான கொரிந்தையும் கி.மு. 146-இல், ஒரே ஆண்டில், தரைமட்டமாக்கியது கான்சல்களும் செனட்டும் ஆண்ட குடியரசு. ஸ்பெயின், சிசிலி, வட ஆப்பிரிக்கா, கிரீஸ் எல்லாம் பேரரசர் என்று ஒருவர் வருவதற்கு முன்பே அதன் கையில் இருந்தன.

சிக்கல் தொடங்கியதும் இந்தப் பரப்பால்தான். ஓர் ஊரை நடத்துவதற்காக உண்டாக்கிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளை ஆள வேண்டியிருந்தது. ஸ்பெயினில் போர் நடத்தப் போகும் தளபதிக்கு ஓராண்டு எந்த மூலைக்குப் போதும்? பதவிக்காலம் முடிந்தாலும் இம்பீரியத்தை மட்டும் நீட்டித்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது. அதாவது, அவர் இப்போது கான்சல் இல்லை, ஆனால் கான்சலின் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. பதவி வேறு, அதிகாரம் வேறு என்று பிரிக்கலாம் என்பதை ரோம் முதலில் கற்றுக்கொண்டது இப்படித்தான். அப்போது அது ஒரு நடைமுறை வசதியாக மட்டுமே தெரிந்தது.

போரில் வந்த செல்வம் ஒரு பக்கமாகக் குவிந்தது. பெரும் பண்ணைகள் அடிமைகளை வைத்து நடந்தன. நிலமில்லாத குடிமக்கள் பெருகினார்கள். கி.மு. 133-இல் திபேரியஸ் கிராக்கஸ் என்ற டிரிப்யூன், பொது நிலத்தை அளவுக்கு மீறி வளைத்துப் போட்டவர்களிடமிருந்து மீட்டு ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் கொண்டுவந்தார். தடுத்த சக டிரிப்யூனை மக்கள் ஓட்டால் நீக்கினார், மறுபடியும் தேர்தலில் நின்றார். இரண்டும் வழக்கத்துக்கு மாறானவை. பதிலுக்கு நடந்தது அதைவிடப் பல மடங்கு மோசம். செனட் உறுப்பினர்கள் சிலரே ஒரு கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வந்து, உடைந்த பெஞ்சுகளின் கால்களாலும் தடிகளாலும் அவரை அடித்துக் கொன்றார்கள். யாரும் கை வைக்கக் கூடாத டிரிப்யூன். அவரோடு சுமார் 300 பேர் செத்தார்கள். உடல்களை டைபர் ஆற்றில் வீசினார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய தம்பி கையஸ் கிராக்கஸுக்கும் அதே கதி.

குடியரசின் வீழ்ச்சியை எந்த ஆண்டிலிருந்து சொல்லத் தொடங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் திபேரியஸ் கிராக்கஸைக் கொன்ற கி.மு. 133-ஐத்தான் சொல்வேன். எழுதப்படாத கட்டுப்பாடுகளால் நின்ற ஆட்சி அது. தோற்றவனைக் கொல்லக் கூடாது என்பது அவற்றில் முதன்மையானது, அதை உடைத்தவர்கள் குடியரசைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டவர்களே.

வாட்ச்மேன் யார் ஆள்?

பழைய ரோமில் படைவீரன் என்பவன் சொந்த நிலம் உள்ள விவசாயி. போர் முடிந்தால் வயலுக்குத் திரும்புவான். நிலமுள்ளவர்கள் குறையக் குறைய இந்த விதி தளர்ந்துகொண்டே வந்தது. கி.மு. 107-இல் கான்சலாக இருந்த மாரியஸ், சொத்தே இல்லாதவர்களையும் படையில் சேர்த்துக்கொண்டார். ஏழைக்கு வேலை கிடைத்தது, தளபதிக்கு ஆள் கிடைத்தது, ஆனால் ஒரு கேள்வி பாக்கி நின்றது: ஆண்டுக்கணக்கில் போர் செய்துவிட்டு வரும் இவனுக்குத் திரும்பிப் போக வயல் எங்கே?

அரசு அதற்கு நிலையான ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. தளபதிதான் செனட்டோடு மல்லுக்கட்டி வீரர்களுக்கு நிலம் வாங்கித் தர வேண்டும். அதனால் வீரன் தன் வயதான காலத்துக்கு நம்பியது ரோமை அல்ல, தன் தளபதியை. குடியிருப்பு உதாரணத்தில் சொன்னால், வாட்ச்மேனுக்குச் சம்பளம் சங்கத்திலிருந்து வரவில்லை.

இதன் விளைவு கி.மு. 88-இல் தெரிந்தது. கிழக்கே நடக்கவிருந்த ஒரு பெரிய போரின் தலைமையை கான்சல் சுல்லாவிடமிருந்து பிடுங்கி மாரியஸுக்குக் கொடுத்தார்கள். சுல்லா தன் படையிடம் போய் விஷயத்தைச் சொன்னார், ரோமை நோக்கி நடக்கலாம் என்றார்கள். உயர் அதிகாரிகளில் ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அவரை விட்டுப் போய்விட்டார்கள். சொந்த ஊரின் மேல் படையெடுப்பதா என்று அவர்களுக்கு மனம் கூசியது. சாதாரண வீரர்கள் ஒருவரும் போகவில்லை. ரோமானியப் படை ரோமைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு சுல்லா கால வரம்பில்லாத சர்வாதிகாரி ஆனார். எதிரிகளின் பெயர்ப் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டினார். பட்டியலில் உள்ளவரை யார் வேண்டுமானாலும் கொல்லலாம், சொத்து பறிமுதல். டிரிப்யூன்களின் அதிகாரத்தை வெட்டினார், செனட்டைப் பலப்படுத்தினார், பழைய ஒழுங்கை மீட்டுவிட்டதாக நம்பிப் பதவியிலிருந்து தானே விலகினார். அவர் எழுதிய சட்டங்கள் பலவற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் திருத்திவிட்டார்கள். படையோடு வந்தால் ரோம் கிடைக்கும் என்ற பாடத்தை மட்டும் யாரும் மறக்கவில்லை.

சீசர் ஏன் முதல் பேரரசர் இல்லை

அடுத்த தலைமுறையில் பாம்பியஸ், கிராசஸ், சீசர் மூவரும் கி.மு. 60 வாக்கில் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டார்கள். அது அரசுப் பதவி அல்ல, தனிப்பட்ட ஒப்பந்தம். சீசர் கான்சல் ஆனார், பின் 'கால்' என்று அழைக்கப்பட்ட இன்றைய பிரான்ஸை வென்று பெரும் படைக்குத் தலைவரானார். கிராசஸ் கிழக்கே பார்த்தியர்கள் என்ற எதிரிகளோடு நடந்த போரில் மாண்டார். மீதி இருவரும் ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்தபடி நின்றார்கள்.

இந்த இடத்தில் அதிகம் பேசப்படாத ஒரு ஓட்டெடுப்பு நடந்தது. கி.மு. 50 டிசம்பர். இருவரும் ஒரே நேரத்தில் படைத்தலைமையைக் கைவிட வேண்டும் என்று கியூரியோ என்ற டிரிப்யூன் செனட்டில் தீர்மானம் வைத்தார். ஆதரவாக 370 ஓட்டு, எதிராக 22. நாட்டின் பெரிய மனிதர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் சமாதானம்தான் வேண்டியிருந்தது. கான்சல் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, நேராகப் பாம்பியஸிடம் போய், நாட்டைக் காப்பாற்று என்று ஒரு வாளைக் கொடுத்தார். 370 பேருக்குப் பின்னால் ஒரு படையும் இல்லை, அந்த 22 பேருக்குப் பின்னால் இருந்தது. அடுத்து வரப்போகும் ரூபிகான் ஆற்றுக் கதையைவிட எனக்கு இந்த ஓட்டுத்தான் பெரிதாகப் படுகிறது.

சில வாரங்களில், கி.மு. 49 ஜனவரியில், சீசர் ஒரே ஒரு லீஜியனோடு ரூபிகானைக் கடந்தார். லீஜியன் என்பது சுமார் ஐயாயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு. அந்தச் சின்ன ஆறுதான் அவர் ஆண்ட மாகாணத்துக்கும் இத்தாலிக்கும் எல்லை. எந்தத் தளபதியும் படையோடு அதைக் கடக்கக் கூடாது. உள்நாட்டுப் போரில் சீசர் வென்றார். கி.மு. 44 பிப்ரவரியில் ஆயுள் முழுக்கச் சர்வாதிகாரி ஆனார். அதே மாதம் ஒரு திருவிழாவில் சீசரின் தளபதிகளில் ஒருவரான மார்க் ஆண்டனி அவர் தலையில் மன்னர் அணியும் பட்டத்தை வைக்கப் போனபோது கூட்டம் முணுமுணுத்தது, சீசர் மறுத்தார். மார்ச் 15 அன்று, செனட் கூடிய இடத்திலேயே, 23 குத்துகளில் அவரைக் கொன்றார்கள்.

சீசர் ஒரு புதிய ஆட்சிமுறையை உருவாக்கவில்லை. குடியரசின் பழைய பதவியான சர்வாதிகாரத்தை எடுத்து, அதன் கால வரம்பைக் கழற்றிவிட்டார், அவ்வளவுதான். தனக்குப் பிறகு அந்த அதிகாரம் யாரிடம் எப்படிப் போகும் என்பதற்கு எந்த ஏற்பாடும் அவர் செய்யவில்லை. கொன்றவர்களும் ஒரு தவறு செய்தார்கள். அவர்களில் ஒருவரான புரூட்டஸ் வெளியிட்ட காசு ஒன்றில் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி, கீழே மார்ச் 15 என்ற நாள். கொடுங்கோலன் ஒருவன் போனால் விடுதலை தானாக வந்துவிடும் என்று நம்பினார்கள். ஆனால் தளபதியை நம்பி வாழும் வீரன் அப்படியே இருந்தான்.

இதுவரை: முதலில் எழுதாத கட்டுப்பாடு உடைந்தது. அடுத்து படை தளபதியின் கைக்குப் போனது. பிறகு தளபதிகள் ஒவ்வொருவராக ரோமைப் பிடித்தார்கள், ஆனால் ஒருவருக்கும் பிடித்ததை நிலைக்க வைக்கும் வழி தெரியவில்லை.

பதினெட்டு வயதுப் பையன்

சீசர் உயில் எழுதி மகனாக ஏற்றுக்கொண்டவர் அவருடைய சகோதரியின் பேரன் ஆக்டேவியன். அப்போது வயது 18. சீசர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டதும் சீசரின் பழைய வீரர்கள் அவரிடம் வந்து சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டே கான்சல் பதவி கேட்டுப் படையின் தூதர்கள் செனட்டுக்குள் வந்தார்கள். செனட் தயங்கியது. தூதுக்கு வந்த ஒரு படை அதிகாரி தன் மேலாடையை விலக்கி, இடுப்பில் இருந்த வாளின் பிடியைக் காட்டி, நீங்கள் செய்யாவிட்டால் இது செய்யும் என்றான் என்று எழுதி வைத்திருக்கிறார் ரோமானிய எழுத்தாளர் சூட்டோனியஸ். 42 வயதுக்குக் குறைந்தவர் வகிக்கக் கூடாத பதவி 19 வயதுப் பையனுக்குக் கிடைத்தது.

அப்புறம் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தம் தோய்ந்தவை. ஆக்டேவியன், ஆண்டனி, லெபிடஸ் மூவரும் சட்டப்படி கூட்டுச் சர்வாதிகாரம் பெற்று, சுல்லாவைப் போலவே கொலைப் பட்டியல் ஒட்டினார்கள். புகழ்பெற்ற பேச்சாளரும் செனட் உறுப்பினருமான சிசரோவின் தலையையும் கையையும் வெட்டி, அவர் வாழ்நாள் முழுக்கப் பேசிய மேடையிலேயே மாட்டினார்கள். கடைசியில் கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஆண்டனியும் எகிப்து அரசி கிளியோபாட்ராவும் தோற்றார்கள். எகிப்தின் செல்வம் முழுவதும் ஆக்டேவியன் கைக்கு வந்தது. எதிர்க்க யாரும் மிச்சமில்லை. சண்டை போட்டுச் சலித்துப்போன ஒரு நாடு மட்டும் மிச்சம் இருந்தது.

கொடுத்துவிட்டு வாங்கியது

இனிதான் இந்தக் கட்டுரையின் மையம். கி.மு. 27 ஜனவரி 13 அன்று ஆக்டேவியன் செனட்டில் எழுந்து, தன் கையில் உள்ள எல்லாவற்றையும் செனட்டிடமும் மக்களிடமும் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். செனட் அவரைப் போக விடவில்லை. பேசி முடித்த ஏற்பாடு இது: அமைதியான மாகாணங்கள் செனட்டின் பொறுப்பு. கால், சிரியா, ஸ்பெயினின் பெரும்பகுதி போன்ற ஆபத்தான எல்லைப்புறங்கள் பத்து ஆண்டுகளுக்கு ஆக்டேவியன் பொறுப்பு. எகிப்து ஏற்கெனவே அவர் கையில்தான். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லைப்புறத்தில்தான் படை நிற்கும். லீஜியன்களில் மிகப் பெரும்பாலானவை அவர் கைக்குப் போயின. மூன்று நாள் கழித்து 'அகஸ்டஸ்' என்ற பட்டம் கொடுத்தார்கள். வணக்கத்துக்குரியவர் என்பதுபோல ஒரு பொருள். அதில் அதிகாரம் எதுவும் இல்லை, மரியாதை மட்டும்.

ஆனாலும் அவர் ஆண்டுதோறும் கான்சலாக நிற்க வேண்டியிருந்தது. இரண்டில் ஒரு இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் மற்ற பெரிய குடும்பங்கள் புழுங்கும். கி.மு. 23-இல் கடும் நோயிலிருந்து மீண்டபின் அவர் கான்சல் பதவியை விட்டார். பதிலுக்கு இரண்டு அதிகாரங்கள் கிடைத்தன. ஒன்று, மற்ற எல்லா மாகாண ஆளுநர்களின் இம்பீரியத்தைவிட மேலான இம்பீரியம். இன்னொன்று, டிரிப்யூனின் அதிகாரம், ஆயுள் முழுக்க.

இந்த இரண்டாவதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். அகஸ்டஸ் டிரிப்யூன் ஆகவில்லை. ஆகவும் முடியாது, ஏனென்றால் அவர் உயர்குடி, அந்தப் பதவி எளிய மக்களுக்கு உரியது. பத்து டிரிப்யூன்கள் வழக்கம்போல ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். அகஸ்டஸுக்குக் கிடைத்தது பதவி இல்லாத அதிகாரம். எதையும் தடுக்கலாம், செனட்டைக் கூட்டலாம், சட்டம் கொண்டுவரலாம், அவர் மேல் யாரும் கை வைக்கக் கூடாது. பதவிக்குத்தான் ஓராண்டுக் கெடுவும் கூட்டாளியும் உண்டு. பதவியிலிருந்து அதிகாரத்தைத் தனியாக உரித்து எடுத்துவிட்டால் கெடுவும் இல்லை, கூட்டாளியும் இல்லை. நீண்ட போர்களுக்காக ஒரு வசதியாகத் தொடங்கிய பழக்கம் கடைசியில் இங்கே வந்து நின்றது.

பிற்காலத்தில் அவர் தன் சாதனைகளை ஒரு நீண்ட கல்வெட்டாக எழுதினார். இன்றைய துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் அது இன்னும் இருக்கிறது. செல்வாக்கில் எல்லோரையும் மிஞ்சினேன், ஆனால் எந்தப் பதவியிலும் என் கூட்டாளிகளைவிட அதிக அதிகாரம் என்னிடம் இருந்ததில்லை என்று அதில் சொல்கிறார். பதவி பதவியாக எண்ணினால் அது பொய் இல்லை. எல்லா அதிகாரங்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

மக்கள் ஏமாந்தார்களா?

இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். கி.மு. 22-இல் ரோமில் வெள்ளம், அதன் பின்னே பஞ்சம். அகஸ்டஸ் கான்சலாக இல்லாததால்தான் இந்தக் கேடு என்று மக்கள் செனட் உறுப்பினர்களைக் கட்டடத்துக்குள் பூட்டி, அவரைச் சர்வாதிகாரி ஆக்காவிட்டால் உயிரோடு எரிப்போம் என்று மிரட்டினார்கள். அகஸ்டஸ் மண்டியிட்டு, மேலாடையைத் தோளிலிருந்து இறக்கி, மார்பைக் காட்டி, அந்தப் பதவி வேண்டாம் என்று கெஞ்சினார். தானியப் பொறுப்பை மட்டும் ஏற்றுக்கொண்டார். சீசரைக் கொன்றது அந்தப் பதவியின் பெயர் என்று அவருக்குத் தெரியும். மக்களுக்கோ பெயர் பெரிதில்லை, சோறும் அமைதியும்தான் பெரிது. அவர்களுடைய தாத்தா காலத்திலிருந்து ஊரில் சண்டை ஓயவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீரனின் வயல் பிரச்சினையையும் அவர்தான் தீர்த்தார். கி.பி. 6-இல் படைக்கென்று தனிக் கருவூலம் வைத்து, அதில் தன் சொந்தப் பணம் 17 கோடி செஸ்டர்ஸ் போட்டார். செஸ்டர்ஸ் என்பது ரோமானிய நாணயம். மேலும் பணம் வர, பரம்பரைச் சொத்துக்கு 5 சதவீத வரி. ஓய்வு பெறும் வீரனுக்குச் சட்டப்படி ஒரு தொகை உறுதியானது. சின்னத் தளபதிகளை நம்ப வேண்டிய தேவை போய்விட்டது. இனி வீரன் நம்ப வேண்டியது ஒரே ஒரு தலைவரை.

கரூரில் கிடைத்த காசு

இந்த ஏற்பாடு முழுவதையும் ஒரு கட்டைவிரல் நகத்தளவு வெள்ளியில் பார்க்கலாம். கரூர், கோவை வட்டாரங்களில் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல்கள் கிடைத்திருக்கின்றன, அகஸ்டஸ் காசும் அவருக்கு அடுத்து வந்த திபேரியஸ் காசும் அவற்றில் ஏராளம். அகஸ்டஸ் காசுகளில் இங்கே அதிகம் கிடைப்பது ஒரே வகைதான். ஒரு பக்கம் அவர் முகம், தலையில் வாகை இலை மாலை. கிரீடம் இல்லை. சுற்றிலும் லத்தீனில்: சீசர் அகஸ்டஸ், தெய்வமானவரின் மகன், தாய்நாட்டின் தந்தை. மன்னன் என்ற சொல்லைத் தேடினாலும் கிடைக்காது.

காசைத் திருப்புங்கள். இரண்டு இளைஞர்கள், நடுவே ஈட்டிகளும் கேடயங்களும். கையஸ், லூசியஸ். அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், அவரே மகன்களாக ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களைச் சுற்றி எழுதியிருப்பது: அகஸ்டஸின் மகன்கள், கான்சல்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கான்சல், குடியரசின் பழைய பதவி. தேர்தல், குடியரசின் பழைய வழி. ஆனால் பதவி ஏற்கப் பல ஆண்டுகளுக்கு முன்பே, மீசை முளைக்காத வயதில் கையஸைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள், ஏனென்றால் அவன் அகஸ்டஸின் மகன். ஒரே வரியில் குடியரசும் இருக்கிறது, வாரிசுரிமையும் இருக்கிறது. நொய்யல் கரையில் அந்தக் காசை எடைபோட்டு வாங்கிய வணிகருக்கு வெள்ளியின் தரம்தான் முக்கியம், அந்த வரி அல்ல. நமக்கு அந்த வரிதான் முக்கியம்.

இரண்டு பேரன்களும் இளமையிலேயே இறந்துபோனார்கள். அகஸ்டஸ் தன் மனைவியின் மகன் திபேரியஸை ஏற்றுக்கொண்டு, டிரிப்யூன் அதிகாரத்தையும் இம்பீரியத்தையும் அவருக்கும் வாங்கிக் கொடுத்தார். கி.பி. 14-இல் அகஸ்டஸ் இறந்தபோது திபேரியஸிடம் அவை ஏற்கெனவே இருந்தன. அரியணை கைமாறவில்லை, ஏனென்றால் அரியணை என்று ஒன்று இல்லை. அந்த ஆண்டிலேயே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வேலை மக்கள் கூட்டத்திலிருந்து செனட்டுக்குப் போனது. குடியரசைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர் மிச்சம் இருந்தார்கள் என்று அந்த நேரத்தைப் பற்றிக் கேட்கிறார் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ்.

பேரரசர் என்று நாம் மொழிபெயர்க்கும் சொற்களும் அப்போது வேறாகத்தான் இருந்தன. 'இம்பரேட்டர்' என்றால் வெற்றி பெற்ற தளபதி. 'சீசர்' ஒரு குடும்பப் பெயர். அகஸ்டஸ் விரும்பிய சொல் 'பிரின்செப்ஸ்', குடிமக்களில் முதல்வர்.

இரண்டு நாள்

கி.பி. 41 ஜனவரியில், திபேரியஸுக்கு அடுத்து வந்த கலிகுலாவை அவருடைய காவல்படை அதிகாரிகளே கொன்றார்கள். வாரிசு அறிவிக்கப்படவில்லை. செனட் கூடியது, குடியரசைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி வெளிப்படையாகவே பேசியது. அன்று இரவுக்கான காவல் அடையாளச் சொல்லைக் கேட்டபோது கான்சல்கள் கொடுத்த சொல் 'விடுதலை'.

அதே நேரத்தில் அரண்மனையில் ஒரு காவல்படை வீரன் திரைக்குப் பின்னால் இரண்டு கால்கள் தெரிவதைப் பார்த்தான். பயந்து ஒளிந்திருந்தவர் கலிகுலாவின் சித்தப்பா கிளாடியஸ். அவரைத் தங்கள் முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் தருவதாக அவர் வாக்குக் கொடுத்தார். வெளியே தெருவில் மக்கள் ஒருவர் ஆட்சிதான் வேண்டும் என்று கூச்சல் போட்டார்கள். கான்சல்கள் செனட்டை மறுபடி கூட்டியபோது நூறு பேர்கூட வந்து சேரவில்லை. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள். பிறகு செனட், வழக்கமான முறைப்படி, கிளாடியஸுக்கு எல்லா அதிகாரங்களையும் கொடுத்துத் தீர்மானம் நிறைவேற்றியது.